வெந்தயம் போட்டு ஒட்டிய அருவி

ரைஸ் மில்லின் சாப்பாட்டுச் சங்கு ஊதியபோது நான் வாய்க்கால் கரையில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு சோப்பு டப்பா. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல். மாசி வெயில் முதுகில் இதமாக இருந்தது. வேலை போனவன் நடக்க அதைவிட நல்ல பருவம் கிடையாது.

மில்லில் புதிதாக ஒரு மெஷின் இறக்கியிருந்தார்கள். அதற்குக் கண் இருக்கிறதாம், கறுப்பு அரிசியைத் தானே பார்த்து ஊதித் தள்ளிவிடுமாம். நான் செய்துகொண்டிருந்த நெல் அவிக்கிற வேலையும் பெரிய பாய்லருக்குப் போய்விட்டது. "அடுத்த வாரம் வந்து பாரு" என்றார் முதலாளி. அந்த வார்த்தையை அதற்கு முன் பூதலூரில் ஒரு செங்கல் சூளையிலும், வேறு சில இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் தெரியும். எனக்குக் கோபமில்லை. ஓர் இடத்தில் ஒரு அறுவடையைத் தாண்டி இருந்தால் எனக்கும் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அந்த அரிப்பினால்தான்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். பாஸ்போர்ட் எடுக்க முடிந்தவர்கள் அரபு நாட்டுக்குப் போனார்கள். நான் இரண்டிலும் சேராதவன். நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போவது, எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் ஏறுவது, அவ்வளவுதான் என் திட்டம். ஆனால் ரயில்வே கேட் மூடியிருந்தது.

நீடாமங்கலம் கேட் மூடினால் சாமானியமாகத் திறக்காது. இன்ஜினைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டி என்று உள்ளே ஏதோ நடந்துகொண்டே இருக்கும். வெளியே பஸ், லாரி, மாட்டு வண்டி எல்லாம் நிற்கும். வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்களுக்கு அதுதான் சந்தை. அந்த ஊரில் பாதிப் பேச்சுவார்த்தைகள் கேட்டில் நின்றபடிதான் முடியும் என்று நினைக்கிறேன். அன்றும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆட்டோவுக்குள் ஒரு முஸ்லிம் அம்மா, தலையில் வெள்ளைத் துப்பட்டி. ஆட்டோவுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி ஒரு பெயிண்டர்.

"பாயம்மா, நான் பெயிண்ட் அடிக்கிறவன். புடுங்குறவன் இல்ல" என்றார் பெயிண்டர்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி புடுங்கித்தானே ஆகணும்?"

"அதை யாரையாவது விட்டுப் புடுங்கிட்டுச் சொல்லி அனுப்புங்க. வர்றேன். இப்ப மன்னார்குடியில கல்யாண வீடு ஒத்துக்கிட்டேன்."

"வெள்ளிக்கிழமை என் மவளைக் கூட்டிட்டு வர்றாங்க தம்பி. அவ மாமியாளும் கூட வருது. அந்தச் சுவரு அப்படியே இருந்துச்சுன்னா வாசலோட திருப்பிக் கூட்டிட்டுப் போயிரும். தலைப்பிரசவம். தாய் வீட்டுல பாக்காம வேற எங்க பாக்குறது?"

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, கேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "இங்க யாராச்சும் புடுங்குறவங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் கையைத் தூக்கினேன்.

"வால்பேப்பர் எடுத்திருக்கீங்களா தம்பி?"

"இல்லீங்க. சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கேன், கிழிச்சிருக்கேன்."

"போஸ்டரை மாடுகூடத்தான் கிழிக்கும்" என்றார் ஆட்டோக்காரர்.

"மாடு வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்குமா?" என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுங்க" என்றார். கேட் திறந்தது.

வீடு வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருந்தது. பழைய சுண்ணாம்புக் காரை வீடு, முன்பக்கம் மட்டும் புதிதாக மொசைக் போட்டது. வீட்டுக்காரர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். அவர் இல்லாத வீட்டில் வெளி ஆண்பிள்ளை வேலை செய்வதால் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார் பாயம்மா. அவள் முறத்தோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அரிசியில் கல் பொறுக்குவதற்காக என்று சொன்னாள். ஆனால் நான் அங்கிருந்த மூன்று நாளும் அந்த முறத்தில் அதே அரிசிதான் இருந்தது.

முன் ஹாலில் இரண்டு சுவர்களில் காகிதம். ஒன்றில் தங்கக் கோடு போட்ட ரோஜாப் பூக்கள். இன்னொன்றில், வாசலுக்கு நேர் எதிரே, தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு அருவி. சிவப்பு இலை மரங்கள், பாறைகள், நடுவே வெள்ளையாகக் கொட்டும் தண்ணீர், மூலையில் ஒரு சின்ன மரப்பாலம். பாய் துபாயில் ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஏ.சி. பார்க்கிறவர். அங்கே சுவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு லீவுக்கு ஊர் வரும்போது உருளை உருளையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏ.சி. அறைக்கு ஆன காகிதத்தை வாய்க்கால் கரை வீட்டில் ஒட்டினார். அவர் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே நான்கைந்து வீடுகளில் அப்படி ஒட்டியிருந்தார்கள். காரைச் சுவர் மூச்சுவிடும் சுவர். மழைக்காலத்தில் ஓதம் ஏறும், வெயிலில் இறங்கும். அதன்மேல் பிளாஸ்டிக் தோல் போட்ட காகிதத்தை ஒட்டினால் ஓதம் உள்ளேயே தங்கிவிடும். அருவியில் தண்ணீர் மேலிருந்து கீழே வரவேண்டும். அங்கே கீழேயிருந்து மேலே ஏறியிருந்தது, கறுப்பாக. பூஞ்சை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரச்சாக்கு வாடை மூக்கில் ஏறியது.

பாயம்மாவின் மகளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. போன பெருநாளைக்குச் சம்பந்தியம்மா வந்திருந்தபோது இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, மூக்கில் துப்பட்டியை வைத்துக்கொண்டாராம். பிறகு போனில் சொல்லிவிட்டார்: "ஏழாம் மாசம் கூட்டிட்டு வர்றேன். சுவரு சரியா இருந்தா விட்டுட்டு வர்றேன். இல்லாட்டி பிரசவம் இங்க எங்க குத்தாலத்துலயே ஆகட்டும், நான் பாத்துக்கறேன்."

"நான் பாத்துக்கறேன்னு சொல்லுது தம்பி. பெத்தவ நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார் பாயம்மா. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அவர் சிரிக்காமல் பேசிய விஷயம் அது ஒன்றுதான்.

ரோஜாப் பூச் சுவரை அன்று சாயங்காலமே முடித்துவிட்டேன். ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தால் வாழைமட்டை உரிவதுபோல மேலிருந்து கீழே உரிந்து வந்தது. உள்ளே மைதாப் பசையை எறும்பும் பூச்சியும் பாதி தின்றுவிட்டிருந்தன. பாயம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "பூவு வந்துருச்சு. அருவி வருமா பாப்போம்" என்றாள். அன்றிரவு ஸ்டேஷன் பெஞ்சில் நிம்மதியாகத் தூங்கினேன். முதலில் வந்த வண்டி எந்த ஊருக்குப் போனது என்றுகூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அருவியில் கை வைத்தேன். வரவில்லை. நகம் நுழையவில்லை. பட்டி பார்க்கிற தகடு வாங்கி வந்திருந்தேன், அதை வைத்து நெம்பினேன். மேல் தோல் மட்டும் கையகலத்துக்குக் கிழிந்தது. காகிதம் சுவரோடு சுவராக இருந்தது. கொஞ்சம் பலமாக நெம்பினால் ஆகும் என்று சுத்தியலால் தகட்டின் முதுகில் தட்டினேன். அது வந்தது. காகிதம் மட்டும் வரவில்லை, கூடவே காரையும் வந்தது. ஒரு தோசை அளவுக்குச் சுவர் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. உள்ளே செங்கல் சிவப்பாகத் தெரிந்தது.

"அல்லாவே!" என்று பாயம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெயிண்டர் வந்து பாத்தப்பவே சொன்னாப்புல. சுவரே வந்துரும்னு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பூஞ்சை இருந்த இடத்துல இப்ப ஓட்டை. சம்பந்தியம்மா வந்து எட்டிப் பாத்தா வாய்க்கால் தெரியும்."

"நீ சும்மா இருடி."

அந்த நேரம் பார்த்து பாயம்மாவின் செல்போன் அடித்தது. அப்போதெல்லாம் தெருவுக்கு ஒன்றிரண்டு பேரிடம்தான் அது இருக்கும். பேசுகிறவர் துபாயில் இருப்பதால் குரலும் அங்கிருந்தே நேராக ஊருக்குக் கேட்கிற மாதிரி வரும். அந்தப் பக்கத்துப் பேச்சும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நல்லாருக்கேன்... சாப்டேன்... சத்தமா? ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்க."

"எங்க வீட்டுலயா? எப்ப?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

பாய்க்கு அது கேட்டுவிட்டது. அப்புறம் மறைக்க வழியில்லை.

"அருவியையா?" என்று போனுக்குள் ஒரு கூப்பாடு. "அதை ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரன் விரிச்சுக் காட்டுன்னான். பாதி அருவிய அந்தக் கூட்டத்துல விரிச்சுக் காட்டிட்டு, சுருட்டித் தூக்கிட்டு வந்தேன். அதையா கிழிக்கிறே?"

"கத்தாதீங்க. என்ன போட்டு ஒட்டுனீங்க, அதை முதல்ல சொல்லுங்க. அசைய மாட்டேங்குது."

இந்தக் கேள்வி வந்ததும் அவர் குரலில் பெருமை வந்துவிட்டது. "எப்படி அசையும்? பூப்போட்டது முதல் மழைக்கே ஓரம் தூக்குச்சுல்ல. அதான் அருவிக்கு ஸ்பெஷலா காய்ச்சினேன். மைதா, நீ அரைச்சுக் குடுத்த வெந்தயம், அதோட ஆசாரிகிட்ட வாங்கின, மரம் ஒட்டுற வஜ்ஜிரம் ஒரு பிடி. பேரன் காலத்துக்கும் அசையாது."

"பேரனே இந்த வீட்டுக்கு வரமாட்டான் போலருக்கு. அதான் கேக்குறேன்."

லைன் போய்விட்டதோ என்று பாயம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு பாய் மெதுவாக, "பிள்ளைக்கு இழுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். பாயம்மா சொன்னார். குளிருக்குக் கொஞ்சம் கூடுதல் என்றார். சம்பந்தி சொன்னதையும் சொன்னார்.

"சரி, எடுத்துரு" என்றார் பாய். "எப்படி எடுக்குறதுன்னு எனக்குத் தெரியாது. ஒட்டத்தான் தெரியும். மூலையில ஒரு மரப்பாலம் இருக்கும் பாரு. அதை மட்டும் கிழியாம எடுக்க முடியுமான்னு கேளு."

போனை வைத்ததும் பாயம்மா சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "நான்தான் அரைச்சேன் தம்பி. ஆட்டுக்கல்லுல உக்காந்து, கை வலிக்க வலிக்க, பொங்கப் பொங்க. கொஞ்சம் நரநரன்னு அரைச்சுக் குடுத்திருக்கக் கூடாதா நான்!"

இந்த வேலை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். கிளம்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கிளம்புவது எனக்குச் சுலபமான காரியம். ஆனால் ஓட்டையைப் போட்டது நான். அது இருக்கிற சுவரை அப்படியே விட்டுவிட்டு எங்கே போவது?

பக்கத்து வீட்டுக்காரிதான் பேசினாள். "வெந்தயக் கஞ்சி சட்டியில ஒட்டிக்கிட்டா என்னக்கா பண்ணுவோம்? தேய்ப்போமா? சுடுதண்ணி ஊத்தி ஊற வைப்போம்."

"சுவரு என்ன சட்டியா? ஊத்துனா கீழ ஓடிரும்."

ஓடாமல் பிடித்து வைக்க என்ன இருக்கிறது என்று யோசித்தபோது எனக்குச் சாக்கு ஞாபகம் வந்தது. மில்லில் நெல் அவிக்கும்போது ஆவி போகாமல் இருக்க நனைந்த சாக்கைப் போட்டு மூடுவோம். வெந்நீரில் முக்கிய சாக்கு வெகு நேரம் சூட்டை விடாது. அதைச் சுவரில் சாத்தி வைத்தால்? சொன்னேன். "அப்ப மேல இருக்குற பிளாஸ்டிக்கை யாரு நனைக்கிறது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. நல்ல கேள்வி. பாயம்மா எழுந்து கொல்லைக்குப் போய், கருக்கரிவாளை எடுத்து வந்தார். கதிர் அறுக்கிற, பல் வைத்த அரிவாள். அருவியின் நடுவில் அவரே முதல் கோட்டை இழுத்தார். பிளாஸ்டிக் தோல் நீளமாகப் பிளந்தது. "இப்ப நனையும்" என்றார்.

சாக்குக்கு நான் மில்லுக்கே திரும்பிப் போகவேண்டியிருந்தது. முதலாளி கல்லாவில் இருந்தார்.

"என்னய்யா, அடுத்த வாரம்னுதானே சொன்னேன்?"

"வேலைக்கு வரலீங்க. கிழிஞ்ச சாக்கு இருந்தா வேணும்."

"எதுக்கு?"

"ஒரு சுவரை அவிக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்: "ஏய், இங்க பாருங்கப்பா, நெல்லு அவிக்கிறதை விட்டுட்டு சுவரை அவிக்கப் போயிட்டான்!" மில்லே சிரித்தது. கண் வைத்த மெஷின் மட்டும் சிரிக்காமல் அரிசியை ஊதிக்கொண்டிருந்தது. ஒரு கட்டுச் சாக்கு கொடுத்தார்கள்.

பாயம்மா கொல்லையில் கல் கூட்டி, விசேஷத்துக்குப் பிரியாணி போடுகிற தேக்சாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார். நான் அருவி முழுக்க அரிவாளால் குறுக்கும் நெடுக்கும் கீறினேன். சாக்கைக் கொதிதண்ணீரில் முக்கி, இரண்டு கம்பால் தூக்கி, சொட்டச் சொட்ட ஓடிவந்து சுவரில் அப்புவோம். நழுவாமல் இருக்கக் கட்டில் பலகையைச் சாய்த்து முட்டுக் கொடுப்போம். பாயம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்து வீட்டுக்காரி முறத்தை வைத்துவிட்டு முதுகாலேயே பலகையைத் தாங்கிப் பிடித்தாள். "என் முதுகும் சேந்து அவியுது" என்று கத்தினாள். கை கொப்பளித்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது சாக்கோ நான்காவது சாக்கோ, அப்போது அந்த வாசனை கிளம்பியது. முதலில் லேசாக, பிறகு வீடு நிறைய. வெந்தயமும் மாவும் வேகிற வாசனை. எனக்குப் பசி எடுத்துவிட்டது. பாயம்மா சாக்கைப் பிடித்தபடியே நின்று மூக்கை இழுத்தார். "நோன்புக் கஞ்சி!" என்றார்.

அது உண்மைதான். ரம்ஜான் மாசத்தில் பள்ளிவாசல் பக்கம் போனால் வருகிற அதே வாசனை. பத்து வருஷத்துக்கு முன்னால் அரைத்த வெந்தயம் சுவரில் இருந்து எழுந்து வந்து மணத்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. "யாரு வீட்டுல கஞ்சி? என்ன விசேஷம்?" என்று ஒருத்தர். "நேர்ச்சையா?" என்று இன்னொருத்தர். எதிர்வீட்டு அம்மா தூக்குச்சட்டியோடேயே வந்து நின்றுவிட்டார். உள்ளே வந்து, நாங்கள் மூன்று பேரும் ஆவிக்குள் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு கரண்டி அருவி ஊத்துங்க" என்றார். சிரித்துச் சிரித்துப் பலகையை விட்டுவிட்டோம். சாக்கு தொப்பென்று விழுந்தது. சாக்கோடு சேர்ந்து காகிதத்தின் மேல்பாதி தானாக மடிந்து தொங்கியது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. இழுத்தேன், வந்தது. கொழகொழவென்று, நீளமாக, தண்ணீரோடு. கடைசி இழுப்பில் அருவி மொத்தமாகக் கழன்று பக்கத்து வீட்டுக்காரியின் தலைமேல் விழுந்து அவளை மூடியது. உள்ளேயிருந்து, "அக்கா, பாலம் என் கழுத்துல இருக்கு. பாத்து எடுங்க" என்று குரல் வந்தது. பாய் கேட்ட பாலம் முழுசாக வரவில்லை, பாதிதான் வந்தது. பாயம்மா அதை ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். "பாதியாவது கடந்து வரட்டும் மனுஷன்" என்றார்.

பசையைச் சுரண்டி, வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஓட்டையில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்து, துளி நீலம் போட்டு, இரண்டு பூச்சு அடித்தேன். ஜும்மா முடிந்து சாப்பாட்டுக்கு வருவதாகத்தான் சம்பந்தியம்மா சொல்லியிருந்தார். சுண்ணாம்பு அடித்த உடனே வெள்ளையாக இருக்காது. தண்ணீர் வற்ற வற்றத்தான் வெளுக்கும். அதுவரை சாம்பல் பூசிய மாதிரி, திட்டுத் திட்டாக, அடிக்காததைவிட மோசமாக இருக்கும். மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நான் சுண்ணாம்பு அடித்த மட்டையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் நீடாமங்கலத்திலேயே ஜும்மாவுக்குப் போகவேண்டும் என்று சீக்கிரமே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாராம்.

முதலில் இறங்கியது மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, "அம்மா, என்ன நம்ம வீடு நோன்புக் கஞ்சி மணக்குது?" என்றாள். பின்னால் சம்பந்தியம்மா இறங்கினார். ஒல்லியாக, உயரமாக, மூக்குக்கண்ணாடியோடு. நேராக ஹாலுக்கு வந்தார். சுவர் அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஈரமாக நின்றது. நான் அடைத்த இடம் அதிலும் கறுப்பாக, தோசை வட்டமாகத் தெரிந்தது. பாயம்மா ஓடிவந்து அந்த வட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். "இப்பத்தான் அடிச்சது சம்பந்தி" என்றார்.

சம்பந்தியம்மா விரலால் சுவரைத் தொட்டார், முகர்ந்தார். "காயட்டும், பாப்போம்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சுவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்படி ஒரு பரீட்சையை நான் எழுதியதில்லை. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு நான் இருக்கவுமில்லை. ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து சாக்கு அலசுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரத்துப் பக்கம் முதலில் வெளுத்தது. அப்புறம் ஜன்னலோரம். ஹாலிலேயே விரிப்புப் போட்டு நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறினார் பாயம்மா. எனக்கும் ஜன்னல் வழியாக ஒரு தட்டு வந்தது. சம்பந்தியம்மா ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தரம் சுவரைப் பார்த்துக்கொண்டார். சாப்பாடு முடியும்போது சுவர் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டிருந்தது, அந்த வட்டத்தைத் தவிர.

"அது என்ன கறுப்பு?"

பாயம்மா என்னைப் பார்த்தார். "காரை பேந்துபோய் அடைச்சதுங்க. உள்ள ஈரம் இருக்கு. இன்னைக்கு வெளுக்காது" என்றேன். பொய் சொல்லி என்ன பிரயோஜனம், அது அங்கேயே கண்ணெதிரே இருக்கிறது.

"ம்" என்றார் சம்பந்தியம்மா. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை.

இதற்குள் மகள் விரிப்பிலேயே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். கார்ப் பயணக் களைப்பு. சம்பந்தியம்மா திரும்பி அவளைப் பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய் மருமகளின் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, காதை அவள் முதுகோடு ஒட்டினாற்போல் வைத்துக் கேட்டார். நானும் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டேன். விசில் சத்தம் ஏதும் இல்லை. சாதாரணமாகத் தூங்குகிறவர்களின் மூச்சு. ஹாரன் மறுபடி அடித்தபோது அந்த அம்மாவுக்குக் கோபம் வந்து, "அந்த ஆளைச் சும்மா இருக்கச் சொல்லுங்க. பிள்ளை தூங்குதுல்ல!" என்றார்.

பிறகு தன் பையைத் திறந்து, மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். "இது காலையில. இது ராத்திரி. இது உறிஞ்சுறது, தலைமாட்டுலயே இருக்கணும். கத்தரிக்கா குடுக்காதீங்க, இப்ப அவளுக்கு அரிக்குது. பால் குடிக்க மாட்டா, திட்டித்தான் குடிக்க வைக்கணும்."

"சரி சம்பந்தி" என்றார் பாயம்மா. சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே ஏதோ ஒரு மூடி விழுந்து உருண்டு, சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆவி இன்னும் அடங்கல போலருக்கு" என்றாள்.

கார் கிளம்புவதற்கு முன் சம்பந்தியம்மா, கை கழுவுகிற மாதிரி கொல்லைப் பக்கம் வந்தார். நான் சாக்குகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, குத்தாலம் தெரியுமா?"

"கும்பகோணம் போய் பஸ் மாறணும்ங்க."

"நாளைக்குக் காலையில வர முடியுமா? எங்க வீட்டுலயும் ரெண்டு ரூம்பு இருக்கு. மவன் போன லீவுல ஒட்டினது. மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு. பீரோவை நகத்திப் பாத்தேன்..." என்று நிறுத்தினார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "அவளுக்கு இழுப்பு எங்க வீட்டுக்கு வந்தப்புறம்தான் தம்பி கூடுச்சு. எனக்குத் தெரியும். நாப்பது நாள் கழிச்சு பிள்ளையைத் தூக்கிட்டு அங்கதானே வரணும்? இங்க யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம்" என்றார்.

"வெந்தயம் போட்டிருக்காங்களா?"

"அதெல்லாம் இல்ல. டின்னுல வந்த பசை. வெளிநாட்டுப் பசை."

"அப்ப லேசா வந்துரும்" என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சாக்குக் கட்டோடு ஏறினேன். கண்டக்டர் சாக்குக்கும் டிக்கெட் கேட்டார். வலங்கைமான் தாண்டும்வரை அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். குத்தாலத்து வீட்டில் பீரோவை ஏற்கனவே நகர்த்தி வைத்து, அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார் சம்பந்தியம்மா. வெளிநாட்டுப் பசையில் முதல் சாக்கை அப்பினேன்.